யாரூட்டுப் பையன்?

நூலக வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது பசை காய்ச்சுவது. மைதாவைக் கட்டிதட்டாமல் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெளுப்பு போய்க் கண்ணாடிபோல் வரும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். துத்தம் போடாவிட்டால் பூச்சி புத்தகத்தின் முதுகைத் தின்றுவிடும். கூடிப்போனால் தாள் நிறம் மாறும். அந்தச் சிட்டிகை கைக்கு வர எனக்கு ஒரு மாதம் ஆனது.

நூலகவியல் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டு மார்க் ஷீட்டோடு போய் நின்றவளைத்தான் நூலகர் சார் இப்படிப் பசை காய்ச்ச வைத்தார். கொடுமுடிப் பக்கம், காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் ஒரு சின்ன நூலகம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. இனிச் சொல்லப்போகும் தப்பில் முக்கால்வாசி என்னுடையது, ஊர்ப் பேரைக் கெடுப்பானேன். எனக்கு அங்கே சம்பளம் கிடையாது, பதவியும் கிடையாது. வேலை பழக வந்த எடுபிடி.

சார் மன்னார்குடிக்காரர். 1931-இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய சீமை. அந்த வண்டிக் கதையை வாரத்துக்கு ஒருதரம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செல்லாது. சீர்காழி ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிப் புத்தகமாக வந்ததும் அதே 1931 என்று கூடவே சொல்வார். நான் மட்டும் விடுவேனா? 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் எங்கள் திருப்பூர் அவினாசிலிங்கம் செட்டியார் என்பேன். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். வண்டி உங்களுது, சட்டம் எங்களுதுங்க சார்.

சிரிப்பார். சிரித்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “உங்க ஊர் ‘ங்க’ இருக்கே, கேக்கறதுக்கு அவ்வளவு நல்லாருக்கும்மா. ஆனா ரேஷன்ல குடுக்கறீங்க. கார்டு இருக்கறவனுக்குத்தான்.”

அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. மரியாதைக்குப் பேர்போன கொங்குத் தமிழை ஒரு தஞ்சாவூர்க்காரர் கிண்டல் பண்ணுகிறார் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பசைக்குப் பிறகு முத்திரை. புதுப் புத்தகம் வந்தால் தலைப்புப் பக்கத்தில் முத்திரை, கடைசிப் பக்கத்தில் முத்திரை, அதுபோக ரகசியப் பக்கத்தில் ஒன்று. ரகசியப் பக்கம் என்பது ஒவ்வொரு நூலகமும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஒரு பக்க எண். யாராவது முன்பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் புத்தகம் யாருடையது என்று தெரிந்துவிடும். எங்கள் எண்ணை இப்போதும் சொல்லமாட்டேன். பிறகு சேர்க்கைப் பதிவேடு, முதுகுச் சீட்டு, தேதிச் சீட்டு. இதெல்லாம் ஆறு மாதத்தில் எவரும் பழகிவிடக்கூடிய வேலை.

பழகாத வேலை ஜன்னல் வழியாக வந்தது.

ஒரு சாயங்காலம். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். உள்ளே மேசையில் விரிந்து கிடந்த பேப்பரின் கிரிக்கெட் பக்கத்தை அங்கிருந்தே படிக்கிறான். ஒன்பதாவதோ பத்தாவதோ இருக்கும். எழுந்து போய்க் கேட்டேன்.

“யாரூட்டுப் பையன்டா நீ?”

எங்கள் பக்கம் இது கோபத்தில் கேட்கிற கேள்வி இல்லை. தண்ணீர் கேட்டு வருகிறவரிடமும் கேட்போம், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் கேட்போம். பதிலில் ஊர், கூட்டம், காடு எத்தனை ஏக்கர், எல்லாம் வந்துவிடும். சாதியும் வந்துவிடும். அதற்குத்தான் கேட்கிறோம் என்று ஒத்துக்கொள்ள மாட்டோம்.

பையன் கம்பியை விட்டான். “வளவுங்க” என்றான்.

வளவு என்றால் எங்கள் ஊரில் அருந்ததியர் தெரு. ஊருக்குத் தெற்கே, மஞ்சக்காடு தாண்டி. அதற்கு மேல் நான் அவனை விரட்டவெல்லாம் இல்லை. நல்லபடியாகத்தான் சொன்னேன்: “மெம்பராவோணுமுன்னா ஊருக்குள்ள தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வா. ஜாமீன் வேணுமல்லோ.”

அப்படி ஒரு நடைமுறை எங்கள் நூலகத்தில் இல்லை. அது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு ரேஷன் கார்டைப் பார்த்துப் படிவம் எழுதி, இரண்டு நிமிடத்தில் உறுப்பினராக்கியிருந்தேன். ஜாமீன் எங்கிருந்து வந்தது என்று இன்று யோசித்தாலும் விளங்கவில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. பையன் “சரீங்க” என்று போனான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சார் உள்ளறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகத்துக்கு முதுகு தைத்துக்கொண்டிருந்தவர். காதில் விழுந்திருக்கிறது. மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: “அந்தத் தம்பிக்கு ஜாமீன் கேட்டியே, உனக்கு யாரும்மா ஜாமீன் குடுத்தா?”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், ஆறியிருக்கும். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் படிவம் இருபதை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போய்வரச் சொன்னார்.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், இருபத்துமூன்று வயதில் முதல் தடவையாக வளவுக்குள் நடந்தேன். எங்கள் காட்டில் களை வெட்டியவர்கள், மஞ்சள் வெட்டியவர்கள். எல்லாரும் என்னைத் தெரிந்து எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அதற்கு முன் அது கண்ணிலேயே பட்டதில்லை. படிவத்தை நீட்டினால் யாரும் வாங்கவில்லை. “எங்களுக்கெதுக்குங்க அம்மிணி” என்றார்கள்.

சார் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டு வரி ரசீதைக் கேட்கச் சொன்னார். அந்தப் பையனின் அம்மாயி தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தார். பஞ்சாயத்தில் வரி கட்டிய ரசீதுகள், ஒரு வருடம் விடாமல். சார் காட்டிக் கொடுத்திருந்த இடத்தில் விரலை வைத்துப் படித்தேன்: நூலக வரி. தமிழ்நாட்டில் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குப் போகிறது. புத்தகமும் பேப்பரும் அதில்தான் வாங்குகிறார்கள்.

“இதென்னுங்க?”

“நூலகத்துக்கு நீங்க கட்டுன வரிங்க ஆத்தா.”

அந்த அம்மாளுக்கு என் முதல் “ங்க” அதுதான். அவர் வயதுக்கு நான் பேத்தி. அதுவரை அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்திருந்தேன், என் அம்மாவும் அப்படித்தான், அப்பாருவும் அப்படித்தான். அவர் அந்த “ங்க”வைக் கவனித்தாரா என்று தெரியாது. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத்தன வருசமா கட்டியிருக்கறேன், ஒருக்கா உள்ள வந்து பாத்ததில்லையே கண்ணு” என்றார். பையனுக்கு அன்றே படிவம் எழுதினோம். எழுதும்போது தகப்பன் பேருக்கு முன்னால் ‘திரு’ போட்டேன். சார் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார். அதுவும் பாடத்தில் ஒன்று.

மேசையில் உட்காரும் தொழிலைச் சார் அப்புறம்தான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வருகிறவர் யாரானாலும் “வாங்க” என்று கூப்பிட வேண்டும், பத்து வயதுப் பிள்ளையானாலும். கேட்கிற முதல் கேள்வி “என்ன வேணுங்க?” என்பதாக இருக்க வேண்டும். புத்தகத்தை மேசையில் வைத்துத் தள்ளக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் படித்தவர்கள்கூடச் சின்னது என்று நினைக்கலாம். கூலியைக் கையில் படாமல் மேலிருந்து போடுவதும், தண்ணீரைத் தூக்கி ஊற்றுவதும் பார்த்து வளர்ந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. எனக்கு முதல் வாரம் கை கூசியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் பசைக்குத் துத்தம் அளக்கக் கை பழகியதை எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

தை, மாசியில் மஞ்சள் வெட்டு வந்தால் புத்தகமெல்லாம் மஞ்சள் விரல் படும். தேதிச் சீட்டில், பக்க ஓரத்தில், அட்டையில். அபராதம் போடலாமா என்று கேட்டேன். “எந்த விரல் யாரோடதுன்னு உன்னால சொல்ல முடியுமா?” என்றார் சார். காட்டுக்காரருக்கும் ஆளுக்கும் ஒரே நிறம்தான் ஒட்டுகிறது. அபராதம் போடவில்லை.

வளவிலிருந்து ஒவ்வொருவராக ஏழெட்டுப் பேர் வர ஆரம்பித்தார்கள். தினமும் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்றுபோனார்கள். ஒருவர் பத்து நாளில் திரும்பிவிட்டார்; பேப்பர் இல்லாமல் அவரால் காபி குடிக்க முடியாது. இன்னொருவர் வரவே இல்லை.

வாசகர் வட்டத்தை நடத்துவது தனிக் கலை. மாதம் ஒரு கூட்டம். முன்னெல்லாம் நான்கு நாற்காலி, நான்கு பெரியவர்கள், மற்றவர்கள் நின்றுகொண்டு. வளவுப் பிள்ளைகள் வந்தால் கதவோரமாக நிற்பார்கள். சார் நாற்காலிகளை உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டு, பவானி ஜமுக்காளம் இரண்டை விரித்தார். எல்லாருக்கும் ஒரே உயரம். மூட்டு வலி என்று ஒரு பெரியவர் ஸ்டூல் கேட்டார், கொடுத்தோம். மறுமாதம் வளவிலிருந்து வந்த ஒரு தாத்தாவும் மூட்டு வலி என்றார். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. முதல் பெரியவர் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார், பிறகு ஜமுக்காளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டார். பெருந்தன்மையா, எங்கிருந்தாவது இன்னொரு ஸ்டூல் கொண்டுவந்து பக்கத்தில் அவரை உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயமா, தெரியாது. எப்படியோ தாத்தா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு கூட்டத்தில் அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவைச் சார் என்னை வாசிக்கச் சொன்னார். கடை, ஓட்டல், கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை, அரசுப் பணத்தில் நடக்கிற பொது இடம், இவற்றில் சாதியையோ மதத்தையோ இனத்தையோ சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. படித்துறை என்றதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். காவிரிக் கரையில் இருந்துகொண்டு, பங்குனியில் கொடுமுடிக்குப் போய்த் தீர்த்தம் எடுத்துவரும் ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, படித்துறை என்ற சொல் சட்டத்தில் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் அந்தப் பக்கத்தை நான்கு பேர் கையால் எழுதி எடுத்துப்போனார்கள்.

ஜூன் முதல் வாரக் கூட்டத்தில் யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். 1981-இல் இனவெறியர்கள் தீ வைத்த நூலகம். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பேசுகிறவர் தழுதழுப்பார், கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள். அந்த வருடமும் கலங்கினோம். அப்போது வளவிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். இருந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“அங்க எரிஞ்சதுக்கு இத்தன பேரு வருத்தப்படறீங்க. இங்க எரியாம இருக்கறத எடுக்கறதுக்கு எங்க தம்பிகிட்ட ஜாமீன் கேட்டீங்களேங்க.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சார் காப்பாற்றுவார் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் ஜமுக்காளத்தின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டேனுங்க. தப்புங்க” என்றேன். வேறு என்ன சொல்ல? கூட்டம் பாதியில் கலைந்தது.

அதற்கு ஊர் கண்ட பரிகாரம்தான் ருசிகரமானது. பதினைந்து நாளில் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. “அவிகளும் படிக்கோணுமுங்க சார். அத்தன தூரம் நடந்து வரோணுமா? வளவுக்குள்ளயே ஒரு படிப்பகம் கட்டிக் குடுத்தர்றோம். பொஸ்தகம், பேப்பர், ஃபேனு எல்லாம் எங்க செலவு.”

சார் காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். படித்ததை எல்லாம் எழுதி வைக்கும் நீள நோட்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், அலெக்சாண்ட்ரியா என்ற ஊர். அங்கே பொது நூலகம் வெள்ளையருக்கு மட்டும். 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் மரியாதையாக உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் சத்தம் போடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். போலீஸ் வந்து ஐந்து பேரையும் கூட்டிப்போனது. இதைத் திட்டமிட்டவர் சாமுவேல் டக்கர் என்ற வக்கீல், அப்போது அவருக்கு வயது 26. நகர நிர்வாகம் என்ன செய்தது? அடுத்த வருடமே கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டிக் கொடுத்தது. டக்கர் அதில் அட்டை வாங்க மறுத்துவிட்டார்.

நோட்டை மூடிவிட்டு, “ஃபேன் போட்டாங்களான்னு தெரியல” என்றார் சார்.

இந்தக் கதையை அடுத்த கூட்டத்தில் நான் சொன்னேன். படிப்பகம் வேண்டாம் என்று வளவுக்காரர்கள் ஒரே குரலில் எழுவார்கள் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அப்படி நடக்கவில்லை. அவர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு. “பக்கத்துலயே இருந்தா வயசுப் பிள்ளைக பொழுது போனாலும் படிக்குமல்ல” என்றார் ஒரு அம்மா. அதில் நியாயம் இருந்தது. மஞ்சக்காட்டுப் பாதையில் ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் கிடையாது. டக்கருக்கு இருந்த ரோஷம், வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஒரு தாய்க்கும் இருக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? கொள்கை பேசுவது எனக்குச் சுலபம்; என் வீடு நூலகத்துக்கு எதிர்த் தெரு.

முடிச்சை அவிழ்த்தது ஜூன் மாதம் கேள்வி கேட்ட அதே பெண். “பொஸ்தகம் குடுத்தா வாங்கிக்கறோமுங்க. ஆனா அட்டை இங்கத்ததுதான். நடக்கறதுக்கு லைட்டு போட்டுக் குடுங்க.”

கிராம சபைக்கு மனு எழுதுவது என்று முடிவானது. அக்டோபர் 2-க்கு மூன்று வாரம் இருந்தது. முதல் பிரதியை நான் எழுதினேன். “மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று முடித்திருந்தேன். மனு என்றால் அப்படித்தானே முடிப்போம். சார் சிவப்புப் பேனாவால் ‘தாழ்மையுடன்’ என்பதை அடித்தார், ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதையும் அடித்தார். “கோருகிறோம்” என்று எழுதினார். “வரி கட்றவங்க எதுக்கும்மா தாழணும்?” இரண்டாம் பிரதியில் எத்தனை கம்பம், எங்கிருந்து எது வரை, எத்தனை பிள்ளைகள் அந்த வழியில் நடக்கிறார்கள் என்று வளவு இளைஞர்களே நடந்து எண்ணி எழுதினார்கள். விளக்கு வளவுக்கு என்று எழுதாமல், நூலகத்துக்குப் போகும் பாதைக்கு என்று எழுதியது அந்தப் பெண்ணின் யோசனை. நூலகத்துக்கு விளக்கு வேண்டாம் என்று சபையில் எழுந்து எவர் சொல்வார்? தீர்மானம் நிறைவேறியது. முதல் விளக்கு எரிய ஒன்றேகால் வருடம் ஆனது. அதற்குள் இரண்டு நினைவூட்டு மனுவும் ஒரு தகவல் உரிமை மனுவும் போட்டோம். அவற்றில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

படிப்பகம் வரவில்லை. நன்கொடையாக நூற்றுச்சொச்சம் புத்தகம் வந்தது, சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி முத்திரை போட்டு எங்கள் அலமாரியிலேயே வைத்தோம். ரகசியப் பக்கத்திலும் முத்திரை உண்டு.

இதனால் எங்கள் ஊர் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். வளவு வளவாகத்தான் இருக்கிறது, ஊர் ஊராகத்தான் இருக்கிறது. நூலகத்துக்குள் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர்கள் வெளியே டீக்கடைப் பக்கம் போனால் அவரவர் இடத்துக்குப் பிரிந்துவிடுவதை எத்தனையோ சாயங்காலம் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் கலெக்டராகவும் இல்லை. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறான், இருக்கிறார். இதை எழுதும்போதுகூட விகுதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

சார் ஓய்வுபெற்று மன்னார்குடிக்கே போய்விட்டார். நான் இப்போது வேறொரு நூலகத்தில் மேசையில் இருக்கிறேன். என்னிடம் வேலை பழக ஒரு பெண் வந்திருக்கிறாள். பசையெல்லாம் இப்போது டப்பாவில் வருகிறது. ஆகவே முதல் நாளே மேசையில் உட்கார வைத்துவிட்டேன். போன வாரம் ஒரு சின்னப் பிள்ளை உள்ளே வந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் பழைய கேள்வி என் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் “வாங்க, என்ன வேணுங்க?” என்று கேட்டாள். நான் அதை இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

வீட்டில் வரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். மேசையில் இருப்பவர் நீங்கள் யாரூடு என்று கேட்டால், ரசீதைக் காட்டுங்கள்.